ஜாவாவுக்கு ஒரு வில்லங்கச் சான்று

ஜாவா என்றால் என் அப்பாவுக்கு மைசூரில் செய்த மோட்டார் சைக்கிள் ஞாபகம் வரும். என் மகளுக்கு மைன்கிராஃப்ட். புனேயில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஐ.டி.காரர்கள். அவர்களுக்கு ஜாவா என்பது மாதச் சம்பளம். எனக்கு மட்டும் ஜாவா என்றால் வில்லங்கச் சான்று ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் வீட்டுக் கணினியில் பல வருடமாக லினக்ஸ்தான். வங்கிக்காரன் என்பதால் ஜூலை மாதம் பிறந்தால் போதும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய உதவி கேட்டு அக்கம்பக்கத்தில் இருந்து வருவார்கள். 2021-ல் புதிய வரித்தளம் வரும்வரை, சில ஆண்டுகளாக வருமான வரித் துறை கொடுத்து வந்த படிவ மென்பொருளில் ஒரு வகை ஜாவாவில் ஓடக்கூடியது. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு, "அண்ணே, ஜாவா வேணும்னு கேக்குது" என்று வந்து நிற்பார்கள். விண்டோஸ்காரர்களுக்கு நிறுவனத்தின் தளத்துக்குப் போய், நீளமான ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே 'சம்மதம்' என்று அழுத்தி, இறக்கிப் போட்டுக் கொடுப்பேன். என் லினக்ஸ் பொட்டியில் ஒரே ஒரு வரிக் கட்டளை, ஒரு நிமிடம், வேலை முடிந்தது. யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வருடப் போராட்டம் இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஜாவாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கே கூடத் தெரியாது. அதைத்தான் எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

வீட்டுக் கடன் கேட்டு ஒருவர் வந்தால் நாங்கள் கேட்பது இரண்டே கேள்விதான். சொத்து யாருடையது? சொத்து எங்கே இருக்கிறது? பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். லினக்ஸ் உலகத்தில் ஜாவாவைப் பொதி கட்டியவர்கள் கேட்டதும் இதே இரண்டு கேள்விகளைத்தான்.

பொதி கட்டுவது என்றால் என்ன?

லினக்ஸ் என்பது உண்மையில் ஒரு கருவகம் மட்டும்தான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம் கூட அடிக்க முடியாது. கருவகத்தோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரே தொகுப்பாகக் கொடுப்பதுதான் வழங்கல். டெபியன், ஃபெடோரா, உபுண்டு எல்லாம் வழங்கல்கள். இதில் டெபியன் 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. அன்றிலிருந்து தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். 2004-ல் வந்த உபுண்டு அதிலிருந்து கிளைத்தது.

ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்டுவார்கள். கட்டுகிறவர் செய்யும் வேலை கடன் பிரிவு அதிகாரியின் வேலை மாதிரியே இருக்கும். மூல நிரலை வாங்குவார். அதன் உரிமத்தை வரி விடாமல் படிப்பார். எழுதியவர் தன் கணினியில் செய்து வைத்த இயங்கு கோப்பை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார், மூல நிரலில் இருந்து தானே உருவாக்கிப் பார்ப்பார். அது ஓட வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்று எழுதி வைப்பார். எந்தக் கோப்பு எந்த அடைவில் போய் உட்கார வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. நீங்கள் ஒரு வரிக் கட்டளை கொடுக்கும்போது வந்து சேர்வது இந்தப் பொதிதான்.

1997-ல் டெபியன்காரர்கள் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதினார்கள். எது கட்டற்ற மென்பொருள் என்பதற்கு அதில் வரையறை இருந்தது. யாரும் பயன்படுத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மூல நிரல் கிடைக்க வேண்டும், மாற்றவும் மாற்றியதைக் கொடுக்கவும் உரிமை வேண்டும். இதன்படி அன்றைக்குப் பொதிகளுக்கு மூன்று அறைகள் இருந்தன. விதிக்குள் அடங்குவது 'மெயின்'. அடங்காதது 'நான்-ஃப்ரீ'. மூன்றாவது அறைதான் சுவாரசியமானது, அதன் பெயர் 'கான்ட்ரிப்'. மென்பொருள் தன்னளவில் கட்டற்றதுதான், ஆனால் அது ஓடுவதற்குக் கட்டற்றது அல்லாத வேறொன்று வேண்டும் என்றால் இங்கே போகும். பையன் நல்ல பையன், சேர்க்கைதான் சரியில்லை என்கிற மாதிரி :-)

ஜாவாவில் எழுதிய நல்ல நல்ல மென்பொருள்கள் பல வருடம் கிடந்தது அந்த மூன்றாவது அறையில்தான்.

வாடகை இல்லை, பட்டாவும் இல்லை

ஜாவாவை உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவும் 1991-ல் தொடங்கிய வேலை 1995 மே மாதம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1996 ஜனவரியில் முதல் பதிப்பு. ஒரு முறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. ஜாவா நிரல் நேராகக் கணினியோடு பேசாது. நடுவில் 'மெய்நிகர் இயந்திரம்' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பார். விண்டோஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், லினக்ஸுக்கு ஒருவர். அவர் இருந்தால் நிரல் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது.

சன் அந்த மொழிபெயர்ப்பாளரைக் காசு வாங்காமல்தான் கொடுத்தது. நம் ஊரில் சிலர் சொந்தக்காரர் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள் இல்லையா, அது மாதிரி. மாதாமாதம் செலவில்லை, சௌகரியம்தான். ஆனால் சுவரில் ஆணி அடிக்க வேண்டும் என்றால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். மாடியில் ஒரு அறை எடுக்க முடியாது. அவர் மனது மாறினால் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். சன் உரிமத்தின் நிபந்தனைகள் டெபியன் போன்ற வழங்கல்களின் விதிகளோடு ஒத்துப்போகவில்லை. மாற்றிக் கொடுக்கும் உரிமை இல்லை. பயனரே சன் தளத்துக்குப் போய், சம்மதம் சொல்லி, இறக்கிக்கொள்ள வேண்டும்.

லினக்ஸ் மேல் ஜாவா ஓடியதற்கு முதல் காரணம் சன் கூட அல்ல. பிளாக்டவுன் என்ற பெயரில் சில தன்னார்வலர்கள் தொண்ணூறுகளின் நடுவில் இருந்தே சன்னின் நிரலை உரிம ஒப்பந்தத்தோடு வாங்கி, லினக்ஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்து வந்தார்கள். 1999 டிசம்பரில் சன், இன்பிரைஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து லினக்ஸுக்கான ஜாவா 2-ஐ அறிவித்தது. அந்த அறிவிப்பில் பிளாக்டவுன் பெயரே இல்லை. பெரிய கொந்தளிப்பு ஏற்பட்ட பிறகு சன் மன்னிப்பு கேட்டது. வருடக்கணக்கில் வீட்டைப் பராமரித்தவருக்குக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் பெயர் இல்லை என்கிற கதை.

பக்கத்து மனையில் ஒரு வீடு

சிலர் இந்தச் சார்பே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சன்னின் நிரலைத் தொடாமல், ஜாவாவின் பொது விவரக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் இருந்து எழுதினார்கள். 1996-ல் டிம் வில்கின்சன் 'காஃபே' என்ற மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்கினார். ஸ்வீடிஷ் மொழியில் காபி என்று அர்த்தம். 1998-ல் 'க்னூ கிளாஸ்பாத்' வந்தது. ஜாவாவோடு கூடவே வரும் ஆயிரக்கணக்கான நூலக வகுப்புகளைத் திரும்ப எழுதும் திட்டம் அது. சிக்னஸ் நிறுவனத்தில் பிறந்த 'ஜிசிஜே' என்ற ஜாவா நிரல்மாற்றி, 2001-ல் ஜிசிசி 3.0-ல் சேர்ந்தது.

இதில் ஒரு கண்டிப்பு இருந்தது. சன்னின் மூல நிரலைப் பார்த்தவர்கள் அதே பகுதியை இங்கே எழுதக் கூடாது. பின்னால் யாராவது வந்து, 'இது எங்கள் நிலத்தில் இருந்து எடுத்த மண்' என்று வழக்குப் போட இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக. எல்லைக்கல் நட்டுவிட்டு வீடு கட்டின மாதிரி.

ஆனால் சன் ஒவ்வொரு பதிப்பிலும் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனது. பக்கத்து மனையில் இவர்கள் இரண்டு மாடி எழுப்புவதற்குள் அங்கே ஐந்து மாடி வந்துவிடும். 2004-ல் இது வெளிப்படையான விவாதமாக மாறியது. பிப்ரவரியில் எரிக் ரேமண்ட், ஜாவாவைத் திறந்துவிடச் சொல்லி சன்னுக்குத் திறந்த மடல் எழுதினார். ஏப்ரலில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை 'ஜாவாப் பொறி' என்று எழுதினார். நீங்கள் எழுதும் நிரல் முழுக்கக் கட்டற்றதாக இருக்கலாம், ஆனால் அது சன்னின் ஜாவா இல்லாமல் ஓடாது என்றால் காலில் சங்கிலி இருக்கிறது என்பது அவர் வாதம். டெபியனின் 'கான்ட்ரிப்' அறை சொன்னதும் இதையேதான்.

பொதி கட்டுகிறவர்கள் வாதத்தோடு நிற்கவில்லை. சன் தளத்தில் இருந்து நீங்களே இறக்கிய கோப்பை உங்கள் கணினியிலேயே முறையான பொதியாக மாற்றித் தரும் ஒரு சின்னக் கருவியை டெபியன்காரர்கள் செய்தார்கள். டெபியன் ஜாவாவை விநியோகிக்கவில்லை, கட்டுவதற்குக் கயிறு மட்டும் கொடுத்தது. ஆர்பிஎம் வகை வழங்கல்களுக்காக 'ஜேபேக்கேஜ்' என்ற கூட்டுத் திட்டம் வந்தது. 2005 ஜூனில் வந்த ஃபெடோரா கோர் 4-ல் எக்லிப்ஸ் என்ற பெரிய மென்பொருளையே ஜிசிஜே கொண்டு கட்டிக் காட்டினார்கள். சன் இல்லாமலும் ஓடும் என்று ஊருக்குத் தெரிந்தது.

வில்லங்கம் நீங்கிய கதை

2006 மே மாதம் சன் ஒரு படி இறங்கி வந்தது. வழங்கல்களுக்கென்றே ஒரு தனி உரிமம் எழுதி, ஜாவாவைப் பொதியாகக் கொடுக்க அனுமதித்தது. டெபியன் அதை 'நான்-ஃப்ரீ' அறையில் வைத்தது. உடனே டெபியனுக்குள்ளேயே பெரிய சண்டை. அந்த உரிமத்தில் ஒரு ஈட்டுறுதி ஷரத்து இருந்தது. ஏதாவது வழக்கு வந்தால் சன்னுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு விநியோகிப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற பொருளில். சம்பளமே வாங்காத தன்னார்வலர்கள் இப்படி ஒரு இண்டெம்னிட்டியில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கிளையில் லாக்கர் சாவி தொலைந்ததற்கே பத்துப் பேர் யோசித்துத்தான் இண்டெம்னிட்டி வாங்குவோம்.

அதே வருடம் நவம்பர் 13 அன்று பெரிய செய்தி வந்தது. ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுவதாக சன் அறிவித்தது. லினக்ஸ் கருவகம் எந்த உரிமத்தில் இருக்கிறதோ அதே இரண்டாம் பதிப்பு ஜிபிஎல். நூலகங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அதன் பெயர் 'கிளாஸ்பாத் விதிவிலக்கு'. பக்கத்து மனையில் வீடு கட்டியவர்களின் பெயர் கடைசியில் அசல் பத்திரத்திலேயே ஏறிவிட்டது! 2007 மே மாதம் 'ஓபன்ஜேடிகே' என்ற பெயரில் மூல நிரல் வந்து சேர்ந்தது.

ஆனால் முழுதாக வரவில்லை. சுமார் 4 சதவீத நிரலை சன்னால் கொடுக்க முடியவில்லை, அது சன்னுடைய சொந்தச் சொத்தே இல்லை. எழுத்துரு வரையும் பகுதி, வண்ணங்களைக் கையாளும் பகுதி, ஒலிப் பகுதி எல்லாம் வேறு நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிச் சேர்த்தவை. அந்தப் பகுதிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'என்கம்பர்டு'. நாங்கள் வங்கியில் ஈ.சி. என்று சொல்கிறோமே, என்கம்பரன்ஸ் சர்டிபிகேட், அதே சொல்தான். வில்லங்கம் உள்ள நிரல்! இதைப் படித்த அன்றுதான் ஜாவா எனக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டது.

96 சதவீதம் சுத்தம்தானே, வாங்கிப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் 96 சதவீதம் உங்கள் பெயரில் இருந்து, வாசல்படி மட்டும் சித்தப்பா பெயரில் இருந்தால் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. டெபியனும் ஃபெடோராவும் அதையேதான் சொன்னார்கள். 2007 ஜூனில் ரெட் ஹேட் பொறியாளர்கள் 'ஐஸ்டு டீ' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஜாவா என்ற பெயர் சன்னின் வணிகச் சின்னம், அதைத் தொட முடியாது. காபிக்குப் பதில் டீ :-) ஓட்டை இருந்த இடங்களில் கிளாஸ்பாத் திட்டத்தின் நிரலை வைத்து அடைத்தார்கள். அப்புறம் எழுத்துருவுக்கு ஃப்ரீடைப், வண்ணத்துக்கு லிட்டில் சிஎம்எஸ் என்று ஏற்கெனவே இருந்த கட்டற்ற மென்பொருள்கள் வந்து உட்கார்ந்தன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜாவாவின் நிரல்மாற்றி ஜாவாவிலேயே எழுதப்பட்டது. ஆகவே ஜாவாவை மூல நிரலில் இருந்து கட்ட வேண்டும் என்றால் முதலில் ஒரு ஜாவா வேண்டும். கோழியா முட்டையா? மெயின் அறையில் உள்ளதை மெயின் அறையில் உள்ள கருவிகளைக் கொண்டே கட்ட முடிய வேண்டும் என்பது டெபியன் விதி. சன் கொடுத்த ஜாவாவை வைத்துக் கட்டினால் விதி உடைந்துவிடும். இங்கேதான் ஜிசிஜே கை கொடுத்தது. யாருக்கும் கடன்படாமல் எழுதப்பட்ட அந்த ஏழை நிரல்மாற்றியைக் கொண்டு முதல் ஜாவாவைக் கட்டினார்கள். அதைக் கொண்டு இரண்டாவதை. சாரம் கட்டி வீடு எழுப்பிய மாதிரி. வீடு எழும்பிய பிறகு சாரத்தைப் பிரித்துவிடுவோம் அல்லவா, 2017-ல் வந்த ஜிசிசி 7-ல் ஜிசிஜே நீக்கப்பட்டது.

2008 ஜூனில், ஃபெடோரா 9-ல் இருந்த இந்த ஜாவா, அதிகாரப்பூர்வ இணக்கச் சோதனையில் தேறியது. 80,000-க்கும் மேற்பட்ட சோதனைகள். 2009 பிப்ரவரி 14 அன்று வெளிவந்த டெபியன் 5.0-ல் ஓபன்ஜேடிகே 'மெயின்' அறைக்குள் வந்தது. கூடவே, கான்ட்ரிப்பில் கிடந்த ஜாவா மென்பொருள்களுக்கும் உள்ளே வர வழி பிறந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அங்கே வில்லங்கம் தீர்ந்தால் இங்கேயும் தீர்ந்த மாதிரி.

நம் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2017-ல் வந்த ஜாவா 9, எழுத்துகளை அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருளிடம் ஒப்படைத்தது. ஆண்ட்ராய்டிலும் ஃபயர்பாக்ஸிலும் 'கொ' என்று அடித்தால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாக உட்கார வைப்பது இதே ஹார்ஃப்பஸ்தான்.

பத்திரம் கையில் இருந்ததால்

இவ்வளவு பிடிவாதம் தேவையா, சும்மா இறக்கிப் போட்டுக்கொண்டு போகலாமே என்று அன்றைக்கு நிறையப் பேர் கேட்டார்கள். பதில் பின்னால் வந்தது.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. வீட்டுக்காரர் மாறிவிட்டார். 2011 ஆகஸ்டில், வழங்கல்களுக்காக சன் எழுதிய அந்தத் தனி உரிமத்தை ஆரக்கிள் நிறுத்திக்கொண்டது. சன் ஜாவாப் பொதிகளை டெபியனும் உபுண்டுவும் கைவிட வேண்டியதாயிற்று. அது மட்டுமே கையில் இருந்திருந்தால் லினக்ஸில் மறுபடி ஜாவா இல்லாத காலம் வந்திருக்கும். ஓபன்ஜேடிகே ஏற்கெனவே உள்ளே இருந்ததால் பெரும்பாலான பயனர்களுக்கு எதுவும் நடந்த மாதிரியே தெரியவில்லை.

2019-ல் அடுத்தது. ஆரக்கிள் தரும் ஜாவா 8-க்கு ஜனவரிக்குப் பிறகு வணிகப் பயனர்களுக்கு இலவசப் புதுப்பிப்பு கிடையாது என்றானது. ஏப்ரலில் புதிய உரிமம் வந்தது. சொந்த உபயோகத்துக்குச் சும்மா, தொழிலில் ஓட்டினால் சந்தா. 2021-ல் ஜாவா 17-ஓடு கொஞ்சம் தளர்த்தினார்கள். 2023 ஜனவரியில் சந்தாக் கணக்கையே மாற்றினார்கள். எத்தனை கணினியில் ஜாவா ஓடுகிறது என்பது கணக்கில்லை, நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கைதான் கணக்கு. வாசலில் நிற்கும் காவலாளியில் இருந்து சேர்மன் வரை தலைக்கு இவ்வளவு.

அதில் ஆரக்கிளைத் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் சொத்து, அவர்கள் விலை. ஆனால் அந்த ஜனவரியிலும் லினக்ஸ் வழங்கலில் இருந்து வந்த ஓபன்ஜேடிகேயை ஓட்டியவர்கள் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2009-ல் சிலர் பத்திரத்தைச் சரிபார்த்து வைத்தது 2023-ல் பலன் கொடுத்தது. வில்லங்கச் சான்றின் அருமை வாங்குகிற நாளில் தெரியாது, பிரச்சினை வருகிற நாளில்தான் தெரியும் என்று எங்கள் பழைய மேலாளர் ஒருவர் சொல்வார்.

சொத்து எங்கே இருக்கிறது?

முதல் கேள்வி தீர்ந்தது. இரண்டாவது கேள்வி இன்னும் தீரவில்லை.

ஜாவா நூலகங்கள் 'ஜார்' என்ற கோப்புகளாக வரும். நம் ஊறுகாய் ஜாடிதான். டெபியனிலும் ஃபெடோராவிலும் எல்லா ஜாடிகளும் ஒரே பொது அலமாரியில் இருக்க வேண்டும் என்று விதி. யூஎஸ்ஆர் என்ற அடைவுக்குள் ஷேர், அதற்குள் ஜாவா, அங்கே. ஒரு நூலகத்துக்கு ஒரு ஜாடி. பத்து மென்பொருளுக்கு அதே நூலகம் வேண்டுமானால் பத்தும் அந்த ஒரே ஜாடியைத்தான் திறக்க வேண்டும்.

ஜாவாக்காரர்களின் வழக்கம் நேர் எதிர். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய ஜாடிகளையெல்லாம் தன் பெட்டிக்குள்ளேயே கட்டிக்கொண்டு வரும். ஊருக்குப் போகும்போது அம்மா கட்டிக் கொடுக்கிற மாதிரி :-) 'மேவன்' என்ற கருவி வந்த பிறகு இது இன்னும் சுலபம். வேண்டியதின் பெயரை எழுதி வைத்தால் போதும், இணையத்தில் இருந்து அதுவே இறக்கிக்கொள்ளும். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் சோதித்தது இந்தப் பதிப்போடு, நீங்கள் வேறு பதிப்பை வைத்துவிட்டு, ஓடவில்லை என்று எங்களிடம் வரக்கூடாது என்பார்கள்.

பொதி கட்டுகிறவருக்கு இது தலைவலி. அவருடைய கட்டுமானக் கணினிக்கு இணைய இணைப்பே கிடையாது. இன்று இறக்கியது நாளை மாறிவிட்டால், கட்டியது எதை வைத்து என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அந்த ஜாடிகளை ஒவ்வொன்றாக மூல நிரலில் இருந்து கட்டி முதலில் அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு மென்பொருளைக் கட்டப் போனால் இருபது நூலகங்கள் வரிசையில் நிற்கும். அந்த இருபதைக் கட்ட இன்னும் நாற்பது. ஒரு மென்பொருளுக்கு நூலகத்தின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது வேண்டும் என்றால், பழையதைக் கேட்கும் மென்பொருளைத் திருத்தி எழுத வேண்டும். யாரும் பார்க்காத, கைதட்டாத வேலை.

இந்த அலமாரிக் கட்டுப்பாடு எதற்கு என்பது 2021 டிசம்பரில் உலகத்துக்கே புரிந்தது. 'லாக்4ஜே' என்பது மென்பொருள்கள் தினசரிக் குறிப்பு எழுதி வைக்கப் பயன்படுத்தும் ஜாவா நூலகம். குறிப்பில் ஏறும் வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் சொற்களை ஒளித்து வைத்தால், அந்த நூலகம் வெளியே எங்கோ இருக்கும் கணினியில் இருந்து நிரலை வாங்கி ஓட்டிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. நம் ரொக்கப் பேரேட்டில் ஒருவர் எழுதிய வரியைப் படித்ததும் காசாளர் எழுந்து போய்ப் பெட்டகத்தைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

டெபியன் சில நாட்களுக்குள் திருத்திய பொதியைக் கொடுத்தது. அலமாரியில் ஒரு ஜாடியை மாற்றினால், அதைத் திறக்கும் எல்லாப் பொதிகளுக்கும் வேலை முடிந்தது. வெளியே அப்படி இல்லை. ஜாடிக்குள் ஜாடி, அதற்குள் இன்னொரு ஜாடி என்று எங்கெங்கே அந்த நூலகம் ஒளிந்திருக்கிறது என்று நிறுவனங்கள் தேட ஆரம்பித்தன. எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் நண்பர் அந்த டிசம்பரில் இரண்டு வாரம் ராத்திரி தூங்கவில்லை. "அண்ணே, சரி பண்ண அஞ்சு நிமிஷம்தான். எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டு வாரம்" என்றார். சரக்கு இருப்புப் பதிவேடு இல்லாத கிடங்கில் தணிக்கை செய்திருக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன். அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

அலமாரி நிரம்பி வழிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் பற்றாக்குறைதான் இப்போது பிரச்சினை. ஃபெடோரா தன் பெருமையாகக் கட்டிக் காட்டிய எக்லிப்ஸ், 2019-ல் வந்த டெபியன் 10-ல் இல்லை. மென்பொருள் செத்துவிடவில்லை, இன்றும் அதன் சொந்தத் தளத்தில் கிடைக்கிறது. அத்தனை ஜாடிகளையும் கட்டிக் கொடுக்க டெபியனில் ஆள் இல்லை, அவ்வளவுதான். என் மகள் விளையாடும் மைன்கிராஃப்ட் கூட இப்போது தன் ஜாவாவைத் தானே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. சௌகரியம் என்னவோ அதுதான். மடியில் இருப்பது எந்தப் பதிப்பு, யார் கட்டியது என்று கேட்க யாருமில்லை.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது ஒரு நிறுவனம் இரக்கப்பட்டதால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காபியின் பெயரில் மாற்று எழுதியவர்கள், 4 சதவீத ஓட்டையை அடைத்தவர்கள், ஈட்டுறுதி ஷரத்தைப் படித்துவிட்டுச் சண்டை போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிய பதில் அது. இரண்டாவது கேள்விக்கும் அப்படி ஆட்கள் வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் ஜாவா 21 இயல்பாகவே கிடைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் ஜாவா படிக்கிறார்கள், வளாகத் தேர்வில் அதை வைத்தே வேலையும் வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவர், விடுமுறையில் ஒரே ஒரு நூலகத்தை எடுத்து, உரிமத்தைப் படித்து, மூல நிரலில் இருந்து கட்டி, அலமாரியில் வைத்துப் பார்க்கட்டும். டெபியனின் ஜாவாக் குழுவில் புதியவர்களுக்கு இடம் உண்டு, தேர்வு கட்டணம் எல்லாம் கிடையாது. எந்தப் பாடத்திட்டத்திலும் வராத ஒரு பழக்கம் வந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளைப் படிக்கிற பழக்கம்.